வாசனை தெரியாமல் போனால் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டுமா?

சளிக்காய்ச்சல் தேறி மூன்று மாதமாகியும் வாசனை தெரியவில்லை, எம்.ஆர்.ஐ. எடுத்தால் காரணம் தெரிந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்கேன் படங்களைப் பார்த்து அறிக்கை எழுதும் மருத்துவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்களுடையதைப் போன்ற நிலையில் படம் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். வைரஸ் கெடுப்பது மூக்கின் மேற்கூரையை ஒட்டியிருக்கும் முகர்வுப் படலத்தின் செல்களை. அந்தச் சேதம் ஸ்கேனில் தென்படும் அளவுக்குப் பெரியதன்று. அறிக்கை இயல்பாக இருப்பதாலேயே நோயாளி மிகைப்படுத்துகிறார் என்று வீட்டார் முடிவுகட்டுவதைப் பார்க்கையில் எனக்கு வருத்தமாக இருக்கும்.

முதலில் வேண்டியவை காது மூக்கு தொண்டை மருத்துவர் மெல்லிய குழாய்க் கேமராவால் மூக்கினுள் பார்க்கும் எண்டோஸ்கோப்பிப் பரிசோதனையும், பல வாசனைகளை முகரவைத்துத் திறனை அளக்கும் சோதனையும். நாள்பட்ட சைனஸ் அழற்சியோ பாலிப் எனப்படும் சதைவளர்ச்சியோ இருக்குமென்று தோன்றினால் சி.டி. ஸ்கேன் போதும், எலும்பையும் காற்று செல்லும் வழியையும் அது தெளிவாகக் காட்டிவிடும்.

எம்.ஆர்.ஐ. உண்மையில் கைகொடுக்கும் இடங்கள் வேறு. பிறவியிலிருந்தே வாசனை அறியாத, பருவமடைதலும் தாமதமான ஓர் இளைஞருக்கு, மூக்கிலிருந்து வரும் வாசனைச் செய்தியைப் பெற மூளையின் அடிப்பக்கத்தில் இருக்க வேண்டிய முகர்வுக் குமிழ்கள் உருவாகவே இல்லை என்று படத்தில் தெரிந்தால், வாசனை இழப்போடு பருவமடைதலுக்கான ஹார்மோன் குறைவும் சேர்ந்த பிறவிக் குறைபாடான கால்மன் நோய்க்குறி என்ற ஐயம் வலுப்பெற்று, ஹார்மோன் சிகிச்சைக்கு வழி பிறக்கும். மண்டையோட்டின் முன் அடித்தளத்தில் மெல்ல வளரும் மெனிஞ்சியோமா என்ற மூளையுறைக் கட்டி, வேறு தொல்லை எதுவும் தராமல் நெடுநாள் வாசனையை மட்டும் மங்கச் செய்யலாம். தலையில் அடிபட்டவர்களுக்கு, குமிழ்களிலும் நெற்றிப்புற மூளையிலும் ஏற்பட்ட காயத்தையும் எம்.ஆர்.ஐ. காட்டும். இருந்தாலும் உறுப்பின் வடிவத்தைக் கொண்டு முகரும் திறனைக் கணித்துவிட முடியாது. முகர்வுக் குமிழ்களே தென்படாத சில பெண்கள் இயல்பாக முகர்வதை இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவன ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்டார்கள்.

எடுப்பதென்று முடிவானால் ஒன்றை அவசியம் கவனியுங்கள். முகர்வுக் குமிழின் தடிமன் சில மில்லிமீட்டர்தான். வழக்கமான மூளை ஸ்கேனில் ஒவ்வொரு துண்டும் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் இருப்பதால், குமிழ் சரியாகப் பதியாமலே போகலாம். பரிந்துரைச் சீட்டில் ‘வாசனை இழப்பு’ என்று தெளிவாக எழுதியிருந்தால்தான், அந்தப் பகுதியை மட்டும் நெற்றிக்கு இணையான மெல்லிய துண்டுகளாக எடுத்துப் பார்ப்போம்.

ஒரு பக்க மூக்கில் மட்டும் அடைப்போ இரத்தக்கசிவோ, பார்வை மங்கல், புதிதாகத் தொடங்கிய கடும் தலைவலி, அடிபட்ட பின் மூக்கிலிருந்து தெளிந்த நீர் வடிதல் ஆகியவற்றில் எது இருந்தாலும் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். இவை எதுவும் இல்லையென்றால், ஜெர்மனியின் தாமஸ் ஹம்மல் குழுவினர் 2009-இல் வெளியிட்ட முகர்வுப் பயிற்சியை உங்கள் மருத்துவரிடம் கேட்டுத் தொடங்கலாம்: ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு ஆகிய நான்கு வாசனைகளையும் காலையும் மாலையும், குறைந்தது 12 வாரங்களுக்கு, கவனத்துடன் முகர்ந்து வர வேண்டும்.