வாகன ஷோரூமில் அவசரப்படுத்துகிறார்களா? நீலகிரி வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

புது வாகனம் வாங்குவது பற்றி நீலகிரியிலிருந்து வந்துள்ள கடிதங்களில் ஒரு பொதுத்தன்மை தெரிகிறது. ஊட்டியிலிருந்து கோவை ஏறத்தாழ 85 கிலோமீட்டர். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு இறங்கி வந்தவர், இருட்டுவதற்குள் மலையேற விரும்புவார் என்பதும், வெறுங்கையோடு திரும்ப மனம் வராது என்பதும் விற்பனையாளருக்கு நன்றாகத் தெரியும். நெருக்கடி அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. கடிதங்களைச் சுருக்கி, பெயர்களைத் தவிர்த்து, கீழே பதில் அளித்திருக்கிறேன்.

கேள்வி: அவினாசி சாலையில் உள்ள ஒரு ஷோரூமில் 60,000 ரூபாய் தள்ளுபடி என்றார்கள். ஆனால் அன்று மாலைக்குள் 25,000 ரூபாய் கட்டி புக்கிங் செய்தால்தான் அந்த விலை, மறுநாள் ஏறிவிடும் என்றார்கள். ஹெத்தை அம்மன் பண்டிகைக்குள் வண்டி வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். என்ன செய்திருக்க வேண்டும்? (தேயிலை விவசாயி, கோத்தகிரி)

ஷோரூம்களுக்கு மாத இலக்கும் காலாண்டு இலக்கும் உண்டு. வாகன நிறுவனங்கள் அறிவிக்கும் தள்ளுபடிகள் பெரும்பாலும் அந்தந்த மாதத்துக்கானவை. ஒரு நாள் மாலையோடு முடிபவை அல்ல. உண்மையான விலையேற்றம் வருமானால் அதை நிறுவனமே முன்கூட்டி அறிவிக்கும், நாளிதழ்களிலும் அச்செய்தி வரும். எனவே “நாளை விலை ஏறும்” என்று ஒருவர் சொன்னால், அந்த அறிவிப்பைக் காட்டுமாறு கேளுங்கள்.

அதைவிட முக்கியமானது புக்கிங் படிவத்தின் பின்பக்கத்தில் இருக்கிறது. பெரும்பாலான படிவங்களில், டெலிவரி நாளில் நடப்பில் உள்ள விலையே பொருந்தும் என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அப்படியிருக்க, இன்று முன்பணம் கட்டினால் இன்றைய விலை நிலைத்துவிடும் என்று வாயால் கொடுக்கும் உறுதிக்கு அந்தப் படிவமே மறுப்பாக நிற்கிறது. விலையை நிலைநிறுத்த விரும்பினால், மாடல், வேரியன்ட், நிறம், முழு ஆன்ரோடு விலை (வரியும் பதிவும் காப்பீடும் சேர்ந்தது), தள்ளுபடித் தொகை, டெலிவரி தேதி, அந்தத் தேதியில் வண்டி வராவிட்டால் முன்பணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும் என்ற உறுதி ஆகிய அனைத்தையும் ரசீதிலோ ஷோரூமின் மின்னஞ்சலிலோ எழுதி வாங்குங்கள். பணத்தை ஷோரூமின் வங்கிக் கணக்கில் மட்டுமே செலுத்துங்கள். விற்பனையாளரின் சொந்தக் கைபேசி எண்ணுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம்.

பண்டிகைத் தேதியைச் சொன்னதில் தவறில்லை. ஆனால் விலை எழுத்தில் வந்த பிறகு சொல்லியிருக்கலாம். ஆயுத பூஜையோ ஹெத்தைப் பண்டிகையோ, எதுவாயினும் நம் தேதி தெரிந்துவிட்டால் பேரம் பேசும் காலம் சுருங்கிவிடுகிறது. ஹெத்தைப் பண்டிகை ஆண்டின் இறுதியை ஒட்டி வருவதால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டிசம்பரில் கிடைக்கும் பெரிய தள்ளுபடிக்குப் பின்னால், பல மாதங்களுக்கு முன் தயாரித்து நிறுத்தி வைத்த வண்டி இருக்கக்கூடும். தயாரித்த மாதமும் ஆண்டும் ஆர்.சி.யில் பதிவாகும்; பின்னாளில் விற்கும்போது வாங்குபவர் அந்த ஆண்டைக் கொண்டுதான் விலை பேசுவார். ஆகவே முழுப் பணம் கட்டுவதற்கு முன் சேசிஸ் எண்ணையும் தயாரித்த மாதத்தையும் கேட்டுக் குறித்துக்கொண்டு, டெலிவரி நாளில் அதே வண்டிதானா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய ஸ்டாக்கை வாங்கக் கூடாது என்பதில்லை. அது பழையது என்று தெரிந்து, அதற்கேற்ற விலையில் வாங்க வேண்டும்.

கேள்வி: இன்சூரன்ஸை வெளியில் எடுத்தால் தள்ளுபடியும் கிடையாது, கேஷ்லெஸ் வசதியும் கிடையாது என்கிறார்கள். உண்மையா? (பள்ளி ஆசிரியை, குன்னூர்)

காப்பீடு இல்லாமல் வண்டியைச் சாலையில் இறக்க முடியாது என்பது உண்மை. அதை ஷோரூமிடம்தான் எடுக்க வேண்டும் என்பது உண்மையன்று. வாகன விற்பனையாளர்கள் காப்பீட்டை விற்பதற்கான விதிகளைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2017-ல் வகுத்தது; வாடிக்கையாளரைத் தங்களிடமே வாங்குமாறு கட்டாயப்படுத்த அவ்விதிகள் இடம் தருவதில்லை. பழுதுச் செலவைக் காப்பீட்டு நிறுவனமே பணிமனைக்கு நேராகச் செலுத்தும் கேஷ்லெஸ் வசதி, அந்நிறுவனத்துக்கும் பணிமனைக்கும் இடையிலுள்ள ஒப்பந்தத்தைப் பொறுத்தது. நீங்கள் வண்டியைச் சர்வீஸுக்கு விடப்போகும் பணிமனை எந்தெந்த நிறுவனங்களோடு ஒப்பந்தம் வைத்திருக்கிறது என்று கேட்டுவிட்டால் இந்த அச்சுறுத்தல் வலுவிழந்துவிடும்.

பிறருக்கு ஏற்படும் இழப்பை ஈடுசெய்யும் மூன்றாம் நபர் காப்பீட்டைப் புதிய காருக்கு 3 ஆண்டுக்கும், இரு சக்கர வாகனத்துக்கு 5 ஆண்டுக்கும் சேர்த்து எடுக்க வேண்டும் என்பது 2018 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. சொந்தச் சேதத்துக்கான காப்பீட்டை ஓராண்டுக்கு மட்டும் எடுத்தால் போதும். இரண்டையும் கலந்து, மூன்றாண்டுக்கும் முழுக் காப்பீடு கட்டாயம் என்று யாரேனும் சொன்னால் ஏற்க வேண்டாம். அதேபோல் 15 லட்சம் ரூபாய்க்கான உரிமையாளர் விபத்துக் காப்பீடு உங்களிடம் ஏற்கெனவே தனியாக இருந்தால், அதை மறுபடியும் சேர்க்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று நிறுவனங்களின் கொட்டேஷனை ஒப்பிடும்போது, வண்டிக்கு நிர்ணயித்த காப்பீட்டு மதிப்பும் கூடுதல் பிரிவுகளும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். மதிப்பைக் குறைத்துப் பிரீமியத்தைக் குறைத்துக் காட்டுவது எளிது. மலையில் வண்டி ஓட்டுபவர்கள், பழுதானால் இழுத்துச் செல்லும் உதவி எத்தனை கிலோமீட்டர் வரை என்பதையும் கட்டாயம் கேட்க வேண்டும். மஞ்சூரிலோ மசினகுடியிலோ வண்டி நின்றுவிட்டால், கோவை வரை இழுத்து வருவதற்கான செலவு சிறியதன்று.

கேள்வி: விலையைக் கேட்டால் சொல்லாமல், “மாதம் எவ்வளவு கட்ட முடியும்?” என்றே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். 8 சதவீத வட்டிதான் என்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா? (சிறு வியாபாரி, கூடலூர்)

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாதீர்கள். மாதத் தவணையை நீங்கள் சொல்லிவிட்டால், வண்டியின் விலை, வட்டி, காலம், கூடுதல் பொருட்கள் எல்லாவற்றையும் அந்தத் தொகைக்குள் அடைத்துக் காட்ட முடியும். எது எவ்வளவு என்பது உங்கள் கண்ணில் படாது. முதலில் வண்டியின் விலையை முடியுங்கள். கடனைப் பிறகு தனியாகப் பேசுங்கள்.

8 சதவீதம் என்பது எந்த வகை வட்டி என்று கேட்டீர்களா? 5 லட்சம் ரூபாயை 5 ஆண்டுக்கு 8 சதவீத பிளாட் வட்டியில் வாங்கினால், தொடக்கத் தொகை முழுவதற்கும் ஐந்து ஆண்டும் வட்டி கணக்கிட்டு, 2 லட்சம் ரூபாய் வட்டியாகச் சேர்ப்பார்கள். மாதத் தவணை 11,667 ரூபாய் வரும். அதே 5 லட்சத்தை, மீதமுள்ள கடனுக்கு மட்டும் கணக்கிடும் 9.5 சதவீதக் குறையும் நிலுவை வட்டியில் வாங்கினால், மாதத் தவணை ஏறத்தாழ 10,500 ரூபாய், மொத்த வட்டி 1,30,000 ரூபாய் அளவில் முடிந்துவிடும். எண்ணில் பெரிதாகத் தெரியும் 9.5, எண்ணில் சிறிதாகத் தெரியும் 8-ஐ விட 70,000 ரூபாய் மலிவு. அந்த 8 சதவீத பிளாட் வட்டியைக் குறையும் நிலுவைக் கணக்குக்கு மாற்றினால் 14 சதவீதத்துக்குச் சற்று மேலே வருகிறது.

காலத்தை நீட்டுவது அடுத்த உத்தி. 9.5 சதவீதக் கடனை 5 ஆண்டுக்குப் பதிலாக 7 ஆண்டாக்கினால் தவணை சுமார் 8,170 ரூபாயாக இறங்கும். மொத்த வட்டியோ 1,86,000 ரூபாயாக ஏறும். தேயிலை வரத்தும் சுற்றுலாக் காலமும் பார்த்து வருமானம் ஏறி இறங்கும் நம் பகுதியில் குறைந்த தவணை சிலருக்குத் தேவைப்படலாம் என்பதை நான் மறுக்கவில்லை. அதற்காகக் கூடுதலாகக் கொடுப்பது எவ்வளவு என்பது தெரிந்திருக்க வேண்டும்.

இதற்கு ரிசர்வ் வங்கி ஒரு நல்ல கருவியைக் கொடுத்திருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல், தனிநபர் தவணைக் கடன்களுக்கு, வட்டியும் கட்டணங்களும் சேர்ந்த ஆண்டு வீதத்தைக் காட்டும் முக்கிய விவர அறிக்கையை ஒப்பந்தத்துக்கு முன்பே வங்கியும் நிதி நிறுவனமும் தர வேண்டும். அந்த ஒரு தாளைக் கேட்டு வாங்கி, கூடலூரில் நீங்கள் கணக்கு வைத்திருக்கும் வங்கியில் தரும் அறிக்கையோடு வைத்துப் பாருங்கள். ஷோரூமில் மேசை போட்டு அமர்ந்திருப்பவர் சொல்லும் கடன்தான் சில வேளை மலிவாகவும் இருக்கும், ஒப்பிட்டால்தான் தெரியும். அறிக்கை தராதவரிடம் கையெழுத்திடாதீர்கள்.

கேள்வி: ஸ்கூட்டருக்கு ஹெல்மெட், புடவை பாதுகாப்புக் கம்பி, கைப்பிடி எல்லாம் சேர்த்து “ஆக்சசரீஸ் பேக்” கட்டாயம் என்றார்கள். (செவிலியர், ஊட்டி)

இரு சக்கர வாகனம் வாங்கும்போது தரச் சான்று பெற்ற ஹெல்மெட்டைத் தயாரிப்பாளர் வழங்க வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. பின்னால் அமர்பவருக்கான கைப்பிடியும், ஆடை சக்கரத்தில் சிக்காமல் காக்கும் அமைப்பும் அதே விதிகள் கேட்பவைதான். இவற்றை விருப்பப் பொருள்போல் பட்டியலிட்டுக் காசு கேட்டால், விதியைச் சொல்லி மறுக்கலாம். தரைவிரிப்பு, சீட் கவர், மூடுதுணி போன்றவை உங்கள் விருப்பம் மட்டுமே.

கேள்வி: கோவை முகவரியில் பதிவு செய்தால் இரண்டு நாளில் வண்டி தருகிறோம், நீலகிரி எண் என்றால் தாமதமாகும் என்கிறார்கள். பில்லில் “ஹேண்ட்லிங் சார்ஜ்” என்று ஒரு தொகையும் இருக்கிறது. (விவசாயி, மஞ்சூர்)

நீங்கள் குடியிருக்கும் இடத்தை விட்டு, தெரிந்தவர் ஒருவரின் கோவை முகவரியை வாடகை வீடு என்று காட்டிப் பதிவு செய்வது பொய்யான வாக்குமூலம். அதன் பொறுப்பு ஷோரூமைச் சேராது, உங்களைச் சேரும். நீலகிரிக்காரருக்கு இதில் நடைமுறை இழப்பும் உண்டு. சென்னை உயர்நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் வரும் வெளி வாகனங்களுக்கு இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது, நீலகிரிப் பதிவெண்ணான டி.என். 43 கொண்ட வண்டிகளுக்கு அதில் விலக்கு. சொந்த ஊருக்குள் நுழைவதற்கு ஒவ்வொரு முறையும் சோதனைச் சாவடியில் விளக்கம் சொல்லும் நிலையை நீங்களாகத் தேடிக்கொள்ள வேண்டாம். பதிவெண் பொருத்தாமல் புதிய வண்டியை உரிமையாளரிடம் ஒப்படைக்கக் கூடாது என்பது சட்டம். “எண் பிறகு வரும், வண்டியை எடுத்துப் போங்கள்” என்று சொன்னாலும் எடுக்காதீர்கள்.

ஹேண்ட்லிங் சார்ஜ் அரசு விதிக்கும் கட்டணம் அன்று. அது எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள், பெரும்பாலும் நீக்கிவிடுவார்கள். “ஆர்.டி.ஓ. செலவு” என்று மொத்தமாக வாங்கிய தொகைக்கும், வாழ்நாள் வரிக்கும் பதிவுக்கும் அரசு தந்த ரசீதுகளுக்கும் வித்தியாசம் இருந்தால் மீதியைத் திரும்பக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கேள்வி: டெஸ்ட் டிரைவ் என்று ஷோரூமைச் சுற்றி ஒரு வட்டம் மட்டும் ஓட்டவிட்டு, உடனே மேசைக்கு அழைத்துவிட்டார்கள். (வாடகைக் கார் ஓட்டுநர், குன்னூர்)

சமவெளியில் ஓட்டிப் பார்த்த வண்டியைப் பற்றி மலையில் ஓட்டுபவருக்குப் பாதிதான் தெரியும். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி குறைவதால், டர்போ இல்லாத இன்ஜின் தன் திறனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். மேட்டுப்பாளையம் பக்கத்து ஷோரூம் என்றால் கல்லாறிலிருந்து பர்லியார் வரையாவது, வீட்டார் அனைவரையும் ஏற்றிக்கொண்டு ஓட்டக் கேளுங்கள். ஏற்றத்தில் நிறுத்தி மறுபடி எடுக்கும்போதும், இறக்கத்தில் இரண்டாம் கியரில் விடும்போதும் வண்டி எப்படி நடந்துகொள்கிறது என்பதே உங்கள் சோதனை. வீட்டுக்கே வண்டியைக் கொண்டுவந்து காட்டும் வழக்கம் பல ஷோரூம்களில் இருப்பதால், ஊட்டிக்கோ குன்னூருக்கோ வரச் சொல்வதில் தயக்கம் வேண்டாம்.

கேள்வி: பழைய காரை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கச் சொல்கிறார்கள். படிவங்களில் கையெழுத்து மட்டும் போடுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்கிறார்கள். (ஓய்வு பெற்ற ஊழியர், அருவங்காடு)

பழைய வண்டியின் விலையையும் எக்ஸ்சேஞ்ச் போனஸையும் ஒரே தொகையாகச் சொன்னால் பிரித்துக் கேளுங்கள். வெளிச் சந்தையை விடக் குறைத்து எடுத்து, அந்தக் குறைவையே போனஸ் என்று திருப்பித் தருவது நடக்கிறது. உரிமை மாற்றத்துக்கான வெற்றுப் படிவம் 29, 30-ல் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு மறந்துவிடுவது பெரிய ஆபத்து. ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தெளிவுபடுத்தியிருக்கிறது. வண்டியை ஒப்படைத்த தேதியும் நேரமும் குறித்த கடிதத்தை ஷோரூம் முத்திரையுடன் வாங்குங்கள். பெயர் மாறிய ஆர்.சி.யின் நகல் வரும்வரை விடாமல் கேளுங்கள். பழைய காப்பீட்டில் இழப்பீடு கோராத ஆண்டுகளுக்காக நீங்கள் சேர்த்து வைத்த நோ கிளெய்ம் போனஸ் வண்டிக்கு உரியதன்று, உங்களுக்கு உரியது. அதற்கான கடிதத்தைப் பழைய காப்பீட்டு நிறுவனத்திடம் பெற்றால், புதிய வண்டியின் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 சதவீதம் வரை குறையலாம். இதை ஷோரூமில் தாமாகச் சொல்பவர்கள் மிகக் குறைவு.

கேள்வி: கட்டாயப்படுத்தி அடிப்பாகக் கோட்டிங்கும் நீட்டித்த வாரண்டியும் சேர்த்துவிட்டார்கள். வாங்கியது கோவையில். புகார் செய்ய அங்கேதான் போக வேண்டுமா? (தேயிலைத் தொழிற்சாலை ஊழியர், கோத்தகிரி)

போக வேண்டியதில்லை. ஒன்றை வாங்க இன்னொன்றை வாங்கியே ஆக வேண்டும் என்று நிபந்தனை விதிப்பதை, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்பாடான வணிக நடைமுறை என்று வரையறுத்துத் தடை செய்கிறது. நுகர்வோர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்பதும் அதே சட்டத்தில் வந்த மாற்றம். ஆகவே உதகமண்டலத்தில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நீங்கள் அணுகலாம். செலுத்திய விலை 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையம் விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, அதற்கு மேல் 10 லட்சம் வரை 200 ரூபாய். வழக்கறிஞர் வைப்பது கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

அதற்கு முன், எந்தெந்தத் தொகையை ஏன் மறுக்கிறீர்கள் என்று குறிப்பிட்டு ஷோரூமுக்கும் வாகன நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். கோட்டிங் அடித்து முடித்திருந்தால் அதைக் கழற்ற முடியாது. பணத்தைத்தான் கேட்க வேண்டும். நீட்டித்த வாரண்டியை, முதல் வாரண்டி முடிவதற்குள் பிறகு வாங்கிக்கொள்ளவும் பல நிறுவனங்கள் அனுமதிக்கின்றன. அதனால் அது டெலிவரி நாளிலேயே எடுக்க வேண்டியது என்று சொல்லியிருந்தால், அப்படிச் சொன்ன செய்தியோ கொட்டேஷனோ உங்கள் கைபேசியில் இருக்கிறதா என்று தேடி, அதையும் புகாரோடு இணையுங்கள்.