எட்டாம் தரத்துக்கு இலக்கியம் எதற்கு? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் தரம் 8, 9 பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். கதையையும் கவிதையையும் அவர்கள் உரத்து வாசித்துவிடுகிறார்கள். வாசித்தது என்ன என்று கேட்டால் பதில் இல்லை. கடைசியில் விடைகளை நானே கரும்பலகையில் எழுத, அவர்கள் கொப்பியில் பார்த்தெழுதுகிறார்கள். சாதாரணதரத்தில் ஆங்கில இலக்கியம் விருப்பப் பாடம்தானே, அதை ஒதுக்கிவிட்டுக் கிரகித்தல் பயிற்சிகளை மட்டும் செய்யுங்கள் என்று பாடசாலையில் சொல்கிறார்கள். ஆங்கிலப் பாடவேளையில் தமிழ் பேசக்கூடாது என்ற விதியும் உண்டு. வாசிக்கவே தடுமாறும் பிள்ளைகளுக்கு இலக்கியம் தேவைதானா? வகுப்பிலுள்ள கதைப் புத்தகங்களை வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாமா? மழையில் நனைந்துவிடும், திரும்பி வராது என்று தயங்குகிறேன்.

– ஓர் ஆங்கில ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

இலக்கியத்தை விட்டுவிடாதீர்கள். வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்குத்தான் அது கூடுதலாகத் தேவைப்படுகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

தமிழில் எழுத்தைக் கண்டால் ஒலி பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் ‘ஏ’ என்ற ஒரே எழுத்து கேக்கில் ஒருவிதமாகவும் காரில் வேறுவிதமாகவும் ஒலிக்கிறது. ஒவ்வொரு சொல்லையும் எப்படி உச்சரிப்பது என்பதிலேயே கவனம் முழுவதும் செலவாகிவிடும் பிள்ளைக்கு, வாக்கியத்தின் பொருளைப் பிடித்துக்கொள்ள மனத்தில் இடம் மிஞ்சுவதில்லை. வகுப்பில் ஆளுக்கொரு வரியாக எழுந்து வாசிக்கவைக்கும் வழக்கம் இதை இன்னும் மோசமாக்குகிறது. தன் முறை வரும் வரியைத் தேடி வைத்துக்கொண்டு காத்திருக்கும் பிள்ளை மற்ற வரிகளைக் கேட்பதே இல்லை. ஆகவே முதலில் நீங்கள் முழுக் கதையையும், புத்தகத்தை மூடிவைக்கச் சொல்லிவிட்டு, குரலில் உயிரோடு வாசித்துக் காட்டுங்கள். இரண்டாம் முறை வாசிக்கும்போது அவர்கள் வரிமேல் விரல்வைத்துத் தொடரட்டும். அதன்பின் தனியே மௌனமாக வாசிக்கட்டும். நாற்பது நிமிடப் பாடவேளையில் பாதி இதிலேயே போய்விடும் என்று பயப்பட வேண்டாம், அந்த நேரம் வீணாவதில்லை.

கிரகித்தல் பயிற்சிகள் போதும் என்று சொல்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. நான்கு எளிய ஆங்கில வாக்கியங்களில் ஒரு சிறுபகுதி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: ஒரு சிறுவன் மழையில் பஸ்ஸுக்காகக் காத்து நிற்கிறான். அவன் சட்டைப்பையில் அப்பாவின் கடிதம் இருக்கிறது. மூன்று முறை அதைத் தொட்டுப் பார்க்கிறான். வெளியே எடுக்கவில்லை. “சிறுவன் எங்கே நின்றான்?” என்ற கேள்விக்கு, கேள்வியிலுள்ள சொற்களைப் பகுதியில் தேடிக் கண்டுபிடித்து, அந்த வரியை அப்படியே எழுதிவிடலாம், ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாத பிள்ளைகூட முழுப் புள்ளியும் வாங்கிவிடும். “ஏன் எடுக்கவில்லை?” என்று கேளுங்கள். அந்த விடை எந்த வரியிலும் எழுதப்பட்டிருக்காது. மழையில் நனைந்துவிடும் என்று ஒரு பிள்ளை சொல்லும், அதில் கெட்ட செய்தி இருக்கும் என்று பயந்தான் என்று இன்னொரு பிள்ளை சொல்லும். இரண்டையும் ஏற்றுக்கொண்டு, இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: எந்த வரியை வைத்து அப்படிச் சொல்கிறாய்? முதல் பிள்ளை மழை பெய்யும் வாக்கியத்தைக் காட்டும். இரண்டாவது பிள்ளை மூன்று முறை தொட்டுப் பார்த்த வாக்கியத்தைக் காட்டும். அந்தக் கணத்தில் இருவரும் ஆங்கில வாக்கியத்துக்குள் மீண்டும் போய், அதைப் பொருளுக்காக வாசிக்கிறார்கள். வாசிப்புத் திறன் என்று பாடத்திட்டத்தில் எழுதப்படுவதன் பெரும்பகுதி இதுதான்; இந்த வகைக் கேள்விக்கு இடந்தரும் எழுத்தைத்தான் இலக்கியம் என்கிறோம்.

இந்த உரையாடல் தமிழில் நடக்கட்டும். தமிழ் பேசக்கூடாது என்ற விதி நல்லெண்ணத்தில் வைக்கப்பட்டிருக்கலாம், ஆனால் பதின்மூன்று வயதுப் பிள்ளையின் சிந்தனை அதன் ஆங்கிலச் சொற்களைவிடப் பல மடங்கு பெரியது. அந்தச் சிந்தனையை வாய் திறக்கவிடாமல் செய்துவிட்டு, பிள்ளைக்குக் கருத்தே இல்லை என்று நாம் முடிவுகட்டுவது அநியாயம். காரணத்தைத் தமிழில் சொல்லட்டும், சான்றை ஆங்கில வரியில் காட்டட்டும், கடைசியில் ஒரே ஒரு வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொந்தமாக எழுதட்டும். அந்த வாக்கியத்தில் பிழை இருந்தாலும் கரும்பலகையிலிருந்து பார்த்தெழுதிய பத்து வரிகளைவிட அது மேலானது.

எதை வாசிக்கக் கொடுப்பது என்பதில் கண்டிப்பாக இருங்கள். ஒரு கதைப்பகுதியை வைத்து ஆராய்ந்த மொழி ஆய்வாளர்கள் ஹூவும் நேஷனும், துணையின்றி வாசித்து விளங்கிக்கொள்ள நூற்றுக்கு 98 சொற்களாவது தெரிந்திருக்க வேண்டும் என்று 2000ஆம் ஆண்டு எழுதினார்கள். ஐம்பது சொற்களுக்கு ஒரு புதிய சொல். பிள்ளைகள் தனியே வாசிப்பதற்குத் தரும் புத்தகங்கள் தரம் 4, 5க்குரியவையாக இருந்தாலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. கடினமானவற்றை உங்கள் துணையோடு வகுப்பில் வாசியுங்கள். அதற்கு நம்மிடமே ஒருவர் இருக்கிறார். 1914இல் மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை, மலையகத் தொழிலாளரைப் பற்றி ஆங்கிலத்திலேயே கவிதையும் உரைநடையும் எழுதினார். முழுவதும் எட்டாம் தரத்துக்கு எளிதாக இராது. ஓரிரு பத்திகளைத் தேர்ந்தெடுத்துக் கொடுங்கள்: லயக் குடியிருப்பும் தேயிலையும் பிள்ளைகளுக்குத் தெரிந்தவை என்பதால், புதிதாக இருப்பது மொழி மட்டுமே. தங்கள் ஊரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியவர் ஒருவர் உண்டு என்பதை உங்கள் பிள்ளைகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

புத்தகங்களைத் தயங்காமல் கொடுத்தனுப்புங்கள். நனையாதிருக்கப் பொலித்தீன் பையில் போட்டு, யார் எதைக் கொண்டுபோனார் என்று ஒரு கொப்பியில் பிள்ளைகளையே பதியச் சொல்லுங்கள். தவணை முடிவில் சில திரும்பி வராமல் போகலாம். அலுமாரியில் பூட்டி வைத்திருந்தால் எல்லாப் புத்தகமும் இருக்கும், வாசித்த பிள்ளை ஒன்றும் இருக்காது.