ஐம்பது ஹெக்டேர் காட்டில் ஒவ்வொரு மரத்தையும் எண்ணியவர்

ஸ்டீபன் ஹப்பல் என்ற அமெரிக்கச் சூழலியலாளரின் காட்டாய்வைப் பற்றிக் கேட்டவர்களுக்கு என் பதில்கள் இவை. தாவரவியல் ஆசிரியராக அவருடைய பனாமா தரவைப் பல ஆண்டுகளாக வகுப்பில் பயன்படுத்தி வருகிறேன்.

ஐயா, அவர் தொடக்கத்திலிருந்தே மரங்களைத்தான் ஆராய்ந்தாரா? (கல்லூரி மாணவி, ஈரோடு)

இல்லைம்மா. மத்திய அமெரிக்காவின் இலைவெட்டி எறும்புகள், கொடுக்கில்லாத் தேனீக்கள் என்று பூச்சிகளிலும் நிறைய உழைத்தவர். இலைவெட்டி எறும்பு, வெட்டிய இலையைக் கொண்டுபோய்ப் புற்றுக்குள் பூஞ்சை வளர்க்கிறது. ஆனால் சில மரங்களின் இலையைத் தொடாது. அப்படி ஒரு மரத்தின் இலையில் அந்தப் பூஞ்சையைக் கொல்லும் பொருள் இருப்பதை ஹப்பலும் வேதியியலாளர்களும் 1983இல் காட்டினார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது.

பனாமாவை ஏன் தேர்ந்தெடுத்தார்? (வங்கி ஊழியர், மதுரை)

பனாமா கால்வாய்க்காகச் சாக்ரஸ் ஆற்றில் அணை கட்டியபோது நீர் சூழ்ந்து, ஒரு குன்று தீவாகிவிட்டது. அதுதான் பார்ரோ கொலராடோ. 1923லேயே அதைப் பாதுகாக்கப்பட்ட காடாக்கிவிட்டார்கள். அங்கே 1980இல் ஹப்பலும் தாவரவியலாளர் ராபின் ஃபாஸ்டரும் 1000 மீட்டருக்கு 500 மீட்டர், அதாவது 50 ஹெக்டேர் நிலத்தைக் குறித்துக்கொண்டு, 1 செ.மீ. தடிமன் உள்ள தளிர்மரம் வரை ஒவ்வொன்றுக்கும் எண் கட்டி, இனத்தைப் பதிந்து, வரைபடத்தில் ஏற்றினார்கள். 2 லட்சத்துக்கும் மேல் மரங்கள், சுமார் 300 இனங்கள். 1985 முதல் சுமார் 5 ஆண்டுக்கு ஒருமுறை அதே மரங்களை மறுபடியும் அளக்கிறார்கள்.

பலகை வேர் உள்ள பெரிய மரத்தை எப்படி அளப்பது?

தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அளப்பது வழக்கம். அடிமரத்திலிருந்து பலகைபோல விரியும் பலகை வேர் அதற்கும் மேலே போனால் ஏணி வைத்து, அது முடியும் இடத்துக்கு மேலே அளப்பார்கள். அளந்த உயரத்தையும் குறித்துவைப்பார்கள்.

ஒரே காட்டில் 300 இனம் எப்படிச் சேர்ந்து வாழ்கிறது? பலமான ஒன்று மற்றதை ஒழித்துவிடாதா? (ஆசிரியை, திருநெல்வேலி)

இந்தக் கேள்விதான் அவருடைய வாழ்நாள் வேலை, டீச்சர். 1970இல் ஜான்சன், 1971இல் கானல் என்ற இரு சூழலியலாளர்கள் தனித்தனியே ஒரு விளக்கம் தந்தார்கள். தாய்மரத்தின் அடியில் அதன் பூச்சியும் நோயும் குவிந்திருக்கும், அதனால் அங்கே விழுந்த விதை பிழைப்பது அரிது, அந்த இடம் வேறு இனத்துக்குப் போகும் என்றார்கள். அப்படியானால் ஒரே இன மரங்கள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி நிற்கவேண்டும். ஹப்பல் கோஸ்டாரிகாவின் வறண்ட காட்டில் 13 ஹெக்டேரை அளந்து பார்த்தார். அதற்கு மாறாக, பெரும்பாலான இனங்கள் கூட்டமாக நின்றன. அதை 1979இல் வெளியிட்டார்.

அங்கிருந்து அவர் போன தூரம் பெரிது. பிறப்பிலும் இறப்பிலும் எல்லா இன மரங்களுக்கும் ஒரே வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? ஒரு மரம் விழுந்த இடத்தில் எது முளைக்கும் என்பது தற்செயல். அதை மட்டும் வைத்தே, எத்தனை இனம் அரிது, எத்தனை மிகுதி என்ற கணக்கு உண்மையான காட்டோடு நெருங்கி வந்தது. 2001இல் இதை முழுக் கோட்பாடாக எழுதியபோது பெரும் சர்ச்சை எழுந்தது.

அப்போது அவர் சொன்னது தவறா, சரியா? (அதே ஆசிரியை)

மரங்கள் ஒன்றுபோல என்ற அனுமானம் நிற்கவில்லை. அவருடைய 50 ஹெக்டேருக்குள்ளேயே, விழும் விதைகளைப் பிடிக்க வைத்த விதைப்பொறிகளில் 53 இனங்களைப் பார்த்தபோது, சொந்த இனத்தின் விதை எங்கே அடர்ந்து விழுந்ததோ அங்கே நாற்றாகும் விகிதம் குறைந்திருந்தது. 2000இல் வந்த அந்த ஆய்வு ஜான்சன், கானல் பக்கமே சாய்ந்தது. ஆனால் தன்னையே மறுக்கக்கூடிய தரவை எல்லோருக்கும் திறந்து வைத்தாரே, அதற்காகவே அவரை மதிக்கிறேன். 2016இல் ஜப்பானின் உயிரியலுக்கான சர்வதேசப் பரிசு அவருக்குக் கிடைத்தது.

நம் பக்கம் இப்படி இருக்கிறதா, சார்? (நீலகிரி வாசகர்)

இருக்கிறது, உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே! முதுமலையில் 1988இல் சூழலியலாளர் ஆர். சுகுமார் குழு அதே அளவில் 50 ஹெக்டேர் ஆய்வு நிலத்தைத் தொடங்கியது. இலையுதிர்காடு என்பதால் இனங்கள் 70 சொச்சம்தான். தேக்கு, வெக்காலி, கருமருது என்று நமக்குத் தெரிந்த மரங்கள். பனாமாவில் வறட்சி மரங்களைச் சாகடிப்பதுபோல இங்கே தீயும் யானையும் சேர்ந்து சாகடிக்கின்றன. இலங்கையின் சிங்கராஜ மழைக்காட்டிலும் இதுபோல 25 ஹெக்டேர் ஆய்வு நிலம் இருக்கிறது.

இந்த வேலைக்கு நான் என்ன படிக்கவேண்டும், ஐயா? (பிளஸ் டூ மாணவன், தர்மபுரி)

தாவரவியலோடு புள்ளியியலும் படி, தம்பி. அப்புறம், பூவுக்காகக் காத்திருக்காதே. அளக்கும் செடிகளில் முக்கால்வாசியில் பூ இருக்காது. இலையைக் கசக்கி முகர்ந்து பார், காம்பை ஒடித்தால் பால் வருகிறதா பார், இலைகள் எதிரெதிரா மாறிமாறியா என்று பார். உன் ஊர் ஏரிக்கரையில் 20 மரங்களை இப்படி இலை வைத்தே அடையாளம் சொல்ல முடிந்தால் எனக்கு எழுது.