பின்பக்கங்கள் மட்டும் ஏன் மெதுவாகத் திறக்கின்றன?

கேள்வி: டிஜாங்கோவில் (பைதான் வெப் ஃபிரேம்வொர்க்) எழுதிய எங்கள் ஆர்டர் பட்டியல் பக்கத்துக்கு 50 பதிவுகளைக் காட்டுகிறது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் டேபிளில் சுமார் 12 லட்சம் பதிவுகள் உள்ளன. முதல் பக்கம் உடனே வருகிறது. பின்பக்கங்கள் வரப் பல விநாடிகள் ஆகின்றன. தேதிக்கு இண்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் அட்டவணை) போட்டும் பயனில்லை. என்ன செய்யலாம்?

பதில்: கோளாறு ஆஃப்செட்டில், அதாவது எத்தனை பதிவுகளைத் தாண்ட வேண்டும் என்ற எண்ணில், இருக்கிறது. 20,001-ஆம் பக்கத்தைக் கேட்டால், பட்டியலைப் பக்கங்களாகப் பிரிக்கும் டிஜாங்கோவின் பேஜினேட்டர் 'லிமிட் 50 ஆஃப்செட் 1000000' என்றுதான் குவெரி அனுப்பும். பத்து லட்சத்தைத் தாண்டிய பதிவு எங்கே இருக்கிறதென்று டேட்டாபேஸுக்கு நேரடியாகத் தெரியாததால், அது முதலிலிருந்து ஒவ்வொன்றாக எண்ணி, அத்தனையையும் ஒதுக்கிவிட்டு, அதன்பிறகே உங்களுக்கு வேண்டிய ஐம்பதைத் தருகிறது. குவெரி எப்படி ஓடியது என்று காட்டும் எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ் கட்டளையை ஓட்டிப் பாருங்கள். லிமிட்டுக்குக் கீழுள்ள வரியில் 10,00,050 பதிவுகள் என்று காட்டும்.

இதற்குக் கீசெட் பேஜினேஷனே சரியான வழி. பக்க எண்ணுக்குப் பதிலாக, கடைசியாகக் காட்டிய ஆர்டரின் தேதியையும் ஐடியையும் லிங்க்கில் அனுப்பி, (பட்டியல் புதியதிலிருந்து பழையதுக்குப் போகிறது என்றால்) அவற்றுக்கு முந்தைய 50 பதிவுகளைக் கேளுங்கள். ஒரே நொடியில் இரண்டு ஆர்டர்கள் பதிவாகியிருந்தால் தேதி மட்டும் போதாது, இடையில் ஒன்று விடுபட்டுவிடும் என்பதால்தான் ஐடியும் வேண்டும்; இண்டெக்ஸும் இவ்விரண்டையும் சேர்த்தே இருக்க வேண்டும். 'தேதி குறைவு, அல்லது தேதி சமமாக இருந்து ஐடி குறைவு' என்று, டிஜாங்கோவில் நிபந்தனைகளைச் சேர்க்க உதவும் கியூ ஆப்ஜெக்ட்டில் எழுதுபவர்கள் ஓரிடத்தில் ஏமாறுகிறார்கள். அந்த 'அல்லது' இருப்பதால் போஸ்ட்கிரெஸ் இண்டெக்ஸில் நேராக உரிய இடத்துக்குத் தாவாமல், மறுபடியும் தலையிலிருந்தே தேடக்கூடும். 'தேதி குறைவு அல்லது சமம்' என்ற நிபந்தனையைத் தனியாக, 'மற்றும்' போட்டுச் சேர்த்துவிட்டால் தாவும், விடையும் மாறாது.

வேறு புரோகிராம்களுக்குத் தரவு தரும் ஏபிஐ மட்டும் என்றால், டிஜாங்கோ ரெஸ்ட் ஃபிரேம்வொர்க்கில் இதே வகையான கர்சர் பேஜினேஷன் தயாராகவே இருக்கிறது.

இந்த முறையில் 437-ஆம் பக்கத்துக்கு நேரே போக முடியாது. எனக்கு அது பெரிய இழப்பாகத் தோன்றவில்லை. அவ்வளவு தூரம் போகிறவர் பெரும்பாலும் ஒரு தேதியைத்தான் தேடுகிறார், ஆகவே தேதி ஃபில்டர் ஒன்றைக் கொடுத்துவிடலாம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே புது ஆர்டர் வந்து, முன்பக்கத்தில் பார்த்த பதிவு அடுத்த பக்கத்தில் மீண்டும் தலைகாட்டும் தொல்லையும் இதோடு தீர்கிறது.

பழைய பேஜினேட்டரையே வைத்திருக்க வேண்டிய நிர்ப்பந்தம் இருந்தால், அது ஒவ்வொரு பக்கத்துக்கும் மொத்த எண்ணிக்கையைக் கேட்டு ஒரு கவுண்ட் குவெரியும் ஓட்டுகிறது என்பதைக் கவனியுங்கள். போஸ்ட்கிரெஸ் இதை உண்மையிலேயே எண்ணித்தான் சொல்லும். ஃபில்டர் இல்லாத பட்டியலுக்கு, போஸ்ட்கிரெஸின் பிஜி கிளாஸ் என்ற உள் டேபிளில் உள்ள ரெல்டியூப்பிள்ஸ் மதிப்பைத் தோராயமாக எடுத்துக்கொள்ளலாம்.