ஒரே கரிக்கு இரண்டு பரப்பளவுகள்

கேள்வி: தேங்காய்ச் சிரட்டையிலிருந்து நாங்கள் தயாரித்த, நுண்துளைகள் மிகுந்த செயலூட்டிய கரியின் பரப்பளவை அறிய அதை இரண்டு ஆய்வகங்களுக்கு அனுப்பினோம். ஒன்று கிராமுக்கு 840 சதுர மீட்டர் என்றும், மற்றொன்று 1,010 சதுர மீட்டர் என்றும் அறிக்கை தந்தது. எந்த எண்ணை நம்புவது?
— ஆராய்ச்சி மாணவி, பொள்ளாச்சி

பதில்: இரண்டு கருவிகளும் பழுதின்றி இயங்கியிருந்தாலும் இத்தகைய வேறுபாடு வரக்கூடும். எந்தக் கருவியும் பரப்பளவை நேரடியாக அளப்பதில்லை. திரவ நைட்ரஜனின் குளிரில், அதாவது 77 கெல்வினில், கரி எவ்வளவு நைட்ரஜனை ஈர்த்து வைத்துக்கொள்கிறது என்பதை மட்டுமே அது அளக்கிறது. புருனாவர், எம்மெட், டெல்லர் ஆகிய மூவர் 1938இல் வெளியிட்ட பி.இ.டி. சமன்பாட்டைக் கொண்டு, பரப்பை ஒற்றை அடுக்காக மூடத் தேவையான நைட்ரஜனைக் கணக்கிட்டு, ஒரு மூலக்கூறு 0.162 சதுர நானோமீட்டர் இடத்தை அடைக்கும் என்ற அனுமானத்தால் பெருக்கியே நீங்கள் பெற்ற எண் கிடைக்கிறது.

முதலில் எடையை விசாரியுங்கள். கரி காற்றிலுள்ள ஈரத்தை விரைவில் உறிஞ்சும். 0.100 கிராம் என்று நிறுத்த மாதிரியில் 0.010 கிராம் நீராக இருந்து, வெற்றிடத்தில் சூடாக்கிய பிறகு மறுபடி நிறுக்காமல் விட்டால், பரப்பளவு 10 விழுக்காடு குறைவாகவே வரும். ஈரம் முழுமையாக வெளியேறாவிட்டால் துளைகளும் அடைபட்டிருக்கும். அப்போது குறைவு இன்னும் கூடும்.

ஆயினும், உங்கள் கரியைப் பொறுத்தவரை நான் அதிகம் ஐயுறுவது கணக்கிடும் அழுத்த எல்லையைத்தான். நைட்ரஜனின் அழுத்தத்தை அதே வெப்பநிலையில் அது திரவமாகும் அழுத்தத்தால் வகுத்தால் கிடைப்பது சார்பு அழுத்தம். பலர் 0.05 முதல் 0.30 வரையிலான சார்பு அழுத்தத்தை மாறாத விதியாகக் கொள்கிறார்கள். சிரட்டைக் கரியில் 2 நானோமீட்டருக்கும் குறுகிய துளைகளே மிகுதி; அவை 0.05ஐ எட்டும் முன்பே பெரும்பாலும் நிரம்பிவிடுவதால், பொருத்தமான நேர்கோட்டுப் பகுதி அதைவிடத் தாழ்ந்த அழுத்தத்தில் அமையும். பரப்பு வாயுவை எவ்வளவு வலுவாக ஈர்க்கிறது என்பதைக் குறிக்கும் சமன்பாட்டின் மாறிலி சி நேர்மறையாக இருக்க வேண்டும். ஈர்க்கப்பட்ட அளவை, ஒன்றிலிருந்து சார்பு அழுத்தத்தைக் கழித்து வரும் எண்ணால் பெருக்கினால் கிடைக்கும் மதிப்பு, தேர்ந்த எல்லை முழுவதும் ஏறிக்கொண்டே செல்ல வேண்டும். இதுவே பிரெஞ்சு அறிவியலாளர் ரூக்ரோல் முன்வைத்த அளவுகோல். 2022இல் வெளியான ஓர் ஆய்வில் 61 ஆய்வகங்களிடம் ஒரே 18 அளவீட்டுத் தொகுதிகளைக் கொடுத்துக் கணக்கிடச் சொன்னபோதும் விடைகள் ஒத்துப்போகவில்லை. அங்கே மாதிரியும் கருவியும் மாறவில்லை. கணக்கிட்டவர்களின் தெரிவு மட்டுமே மாறியது.

0.162 என்ற எண்ணும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதன்று. நைட்ரஜன் மூலக்கூறில் மின்னூட்டம் சீராகப் பரவாத மின் நான்முனைத் தன்மையால், பரப்பிலுள்ள ஆக்சிஜன் தொகுதிகளுக்கு ஏற்ப மூலக்கூறு படியும் திசை மாறி, அது அடைக்கும் இடமும் மாறக்கூடும். எனவேதான் நுண்துளைப் பொருள்களுக்கு அத்தன்மை இல்லாத ஆர்கானை 87 கெல்வினில் பயன்படுத்துமாறு பன்னாட்டு வேதியியல் அமைப்பான ஐயுபாக் 2015இல் பரிந்துரைத்தது. மாதிரிக் குழாயில் கரி போக எஞ்சிய காலியிடத்தின் கன அளவை ஹீலியத்தால் அளக்கும்போது, அவ்வாயு நுண்துளைகளில் தங்கிவிடுவதாலும் சிறு பிழை நேரலாம்.

இரண்டு எண்களுக்கும் சராசரி எடுக்காதீர்கள். இரு ஆய்வகங்களிடமும் மூல அளவீட்டுத் தரவையும், மாதிரியை வெற்றிடத்தில் சூடாக்கி வாயு நீக்கிய வெப்பநிலை, நேரம், உலர் எடை ஆகியவற்றையும் கேட்டுப் பெற்று, மேற்சொன்ன அளவுகோலின்படி ஒரே முறையில் நீங்களே மறுபடி கணக்கிடுங்கள். அதன் பிறகும் வேறுபாடு நீடித்தால், உலர் எடையை உறுதிசெய்து அளவீட்டையே மீண்டும் நடத்தச் சொல்லுங்கள். கட்டுரையில் வெளியிடும்போது, எடுத்துக்கொண்ட அழுத்த எல்லையையும் சி மதிப்பையும் பரப்பளவுடன் சேர்த்தே தாருங்கள்.