மங்கு மேல் ஃபவுண்டேஷன் போட்டால் சாம்பலடிக்கிறதா?

வணக்கம் சகோதரி. குழந்தை பிறந்து எட்டு மாதமாகியும் கன்னத்து மங்கு (பழுப்புத் திட்டு) போகவில்லை, ஃபவுண்டேஷன் போட்டால் சாம்பல் பூத்தது போல் தெரிகிறது, தெரிந்தவர் கொடுத்த வெள்ளை க்ரீமைத் தடவலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த க்ரீம் வேண்டவே வேண்டாம். டியூபைத் திருப்பிப் பாருங்கள். மொமெட்டாசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. முதலில் முகம் பளிச்சென்று ஆகும். நிறுத்தினால் சிவந்து எரியும், தொடர்ந்து தடவினால் நாளடைவில் தோலும் மெலிந்துவிடும். என் அக்கா அப்படித் தவித்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான்.

மங்குக்கு வெயில் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் ஆகாது. அதனால் அயர்ன் ஆக்ஸைடு கலந்த டின்டட் (நிறம் சேர்த்த) சன்ஸ்க்ரீனாக வாங்குங்கள், எஸ்.பி.எஃப் (வெயிலைத் தடுக்கும் அளவு) 30க்குக் குறையாமல். இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கினால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் போதும். மாடியில் துணி காயப்போடும் ஐந்து நிமிடத்துக்கும் இது வேண்டும்.

பால் கொடுப்பதால் ரெட்டினால், ஹைட்ரோகுவினோன் கலந்த க்ரீம்கள் இப்போது வேண்டாம். இரவில் திட்டைக் குறைக்கும் அசெலயிக் ஆசிட் க்ரீம் 10 சதவீதம் போடலாமா என்று தோல் மருத்துவரிடம் கேளுங்கள். பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும்.

அப்புறம் அந்தச் சாம்பல் நிறம். பழுப்புத் திட்டின் மேல் வெளிர் ஷேடு போட்டால் அப்படித்தான் ஆகும். திட்டின் மேல் மட்டும் ஆரஞ்சு கரெக்டரை (திட்டின் நிறத்தை மறைக்கும் மேக்கப் க்ரீம்) மோதிர விரலால் ஒற்றிவிட்டு, அதன் மேல் ஃபவுண்டேஷன் போடுங்கள். ஷேடைப் புறங்கையில் பார்க்காதீர்கள். தாடையோரம் தடவி, கடைக்கு வெளியே வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.