எட்டுப் பேர் தங்கும் முகாமில் 4 × 6 மீட்டர் தார்ப்பாயை மழையும் காற்றும் தாங்கும்படி எப்படிக் கட்டுவது? நான்கு மரங்களில் மூலைக்கு ஒன்றாக இழுத்துக் கட்டினால் போதுமா?

போதாது. எட்டுப் பேர் மழைக்கு ஒதுங்கி உட்கார 4 × 6 மீட்டர் தாராளம் என்பதால் அளவைப் பற்றிக் கவலை வேண்டாம். நான்கு மூலைகளையும் ஒரே உயரத்தில் கட்டுவதுதான் ஆபத்து. ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை விழுந்தால் அது 1 லிட்டர் தண்ணீர். உங்கள் தார்ப்பாயின் பரப்பு 24 சதுர மீட்டர் என்பதால், 10 மில்லிமீட்டர் மழைக்கே 240 லிட்டர், அதாவது 240 கிலோ எடை அதன் மேல் இறங்குகிறது. தட்டையாகக் கட்டிய பாயில் இதில் கால் பங்கு நடுவில் தங்கினாலும் பாய் வயிறு தள்ளிக்கொள்ளும். தள்ளிய வயிற்றுக்குள் மற்றப் பக்கத்து நீரும் ஓடிவந்து சேரும். கடைசியில் மூலை கிழியும், அல்லது கயிறு அறும்.

ஆகவே நடுவில் ஒரு முகட்டுக் கயிறு கட்டி, இருபுறமும் சரியும் கூரையாக அமையுங்கள். 8 முதல் 10 மீட்டர் இடைவெளியுள்ள இரண்டு உறுதியான மரங்களுக்கு இடையே தடித்த கயிற்றைக் கட்டி, பாயின் 6 மீட்டர் நீளம் கயிற்றோடு போகும்படி போட்டால், ஒவ்வொரு பக்கமும் 2 மீட்டர் சரிவு கிடைக்கும். சரிவு 30 பாகை இருந்தால் ஓரத்துக்கும் முகட்டுக்கும் உயர வேறுபாடு சரியாக 1 மீட்டர். எனவே முகடு 2.2 மீட்டரில் இருந்தால் ஓரங்கள் 1.2 மீட்டரில் நிற்கும், அடியில் ஏறக்குறைய மூன்றரை மீட்டர் அகலம் கிடைக்கும். குனிந்து நுழைய வேண்டியிருக்கிறது என்று ஓரத்தை உயர்த்தச் சிலர் கேட்பார்கள். விட்டுக்கொடுக்க வேண்டாம், உயர்த்தினால் சரிவும் குறையும், சாரலும் உள்ளே வரும்.

முகட்டுக் கயிறு விறைப்பாக இருக்க வேண்டும் என்பதற்காக வில்லின் நாண் அளவுக்கு இழுக்கக் கூடாது. கயிறு எவ்வளவு நேராக நிற்கிறதோ அவ்வளவுக்கு அதில் ஏறும் இழுவிசையும் பெருகும். முனைகளில் 5 பாகைச் சரிவு மட்டுமே இருக்கும்போது, பாயின் வழியாக 20 கிலோ பாரம் இறங்கினால் கயிற்றில் 110 கிலோவுக்கும் மேற்பட்ட இழுப்பு உண்டாகிறது. சிறிது தொய்வு விட்டு, நடுவில் ஒரு கம்பத்தை ஊன்றி முட்டுக்கொடுப்பதே நல்லது. கம்பத்தின் தலையில் பழந்துணியைச் சுற்றிவிட்டால் பாய் ஓட்டையாகாது. கயிற்றைப் பொறுத்தவரை நான் பாலியெஸ்டரையே விரும்புகிறேன். நைலான் நனைந்தால் நீளும், நள்ளிரவில் எழுந்து மறுபடி இறுக்க வேண்டியிருக்கும்.

முடிச்சுகளில் இரண்டு தெரிந்தால் போதும். ஒன்று, லாரியில் பாரம் கட்டுபவர்கள் போடும் இறுக்குமுடிச்சு: கயிற்றின் இடையில் ஒரு சுருக்கு போட்டு, மரத்தைச் சுற்றிவந்த முனையை அதற்குள் நுழைத்துப் பின்னோக்கி இழுத்தால் கையின் பலம் பெருகும். மற்றொன்று புரூசிக் முடிச்சு: மெல்லிய கயிற்று வளையத்தை முகட்டுக் கயிற்றின் மேல் மூன்று சுற்றுச் சுற்றி, வளையத்துக்குள்ளேயே அதை வாங்கி இழுப்பது. பாரம் இல்லாதபோது இது விரலால் தள்ளினாலே நகரும், பாரம் ஏறினால் அதே இடத்தில் கவ்விக்கொள்ளும். பாயின் இரு முகட்டு முனைகளையும் இதில் கட்டினால், நடுவில் சுருக்கம் விழாமல் இழுத்துச் சரிசெய்யலாம்.

பலருக்குத் தெரியாத ஒரு சிறு காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். மழை பெய்யும்போது முகட்டுக் கயிற்றின் அடிப்புறத்தைப் பிடித்துக்கொண்டே நீர் மரத்திலிருந்து பாய்க்குள் ஊர்ந்துவரும். கூரை கிழியவில்லை, ஆனாலும் நடுவில் சொட்டுகிறதே என்று எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பாயின் முனைக்கு ஒரு சாண் வெளியே, அந்தக் கயிற்றில் ஒரு பருத்தி நூலையோ துணிக் கிழிசலையோ கட்டித் தொங்கவிட்டால், நீர் அதன் வழியாகத் தரையில் இறங்கிவிடும்.

ஓரங்களில் உள்ள உலோக வளையங்களை அதிகம் நம்பாதீர்கள். மலிவான பாயில் முதலில் பிய்வது அவைதான். உருண்டையான கூழாங்கல் ஒன்றை உட்புறம் வைத்து, பாயை அதன் மேல் குவித்து, கல்லின் கழுத்தில் கயிற்றை இறுக்கிக் கட்டினால், இழுப்பு ஓட்டையின் விளிம்பில் விழாமல் துணியெங்கும் பரவும். நீண்ட ஓரத்தில் மூலைகளுக்கு மட்டுமின்றி, ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக இடையிலும் இழுகயிறு வேண்டும். முளைகளின் தலை பாயைவிட்டு வெளிப்புறம் சாய்ந்திருக்கும்படி அடித்து, கயிற்றைத் தரையை ஒட்டிக் கட்ட வேண்டும். மண் இளகலாக இருந்தால் முதல் முளைக்குப் பின்னால் இன்னொன்றை அடித்து, முன்முளையின் தலையைப் பின்முளையின் அடியோடு பிணைத்துவிடலாம். மணலில் முளை நிற்காது. துணிப்பையில் மணலை நிரப்பி, கயிறு கட்டி, முழங்கை ஆழத்தில் புதைப்பதே வழி.

காற்றைப் பற்றி நினைவில் வைக்க வேண்டியது, அதன் வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும் என்பதே. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகக் காற்று, நேராக எதிர்ப்படும் ஒரு சதுர மீட்டரின் மேல் ஏறக்குறைய 6 கிலோ எடைக்குச் சமமாக அழுத்துகிறது. 24 சதுர மீட்டரும் எதிர்ப்பட்டால் 140 கிலோவைத் தாண்டும். எனவே பலத்த காற்றில் முகட்டையும் தாழ்த்தி, காற்று வரும் பக்கத்து ஓரத்தைத் தரையை ஒட்டி இறக்கிக் கட்டி, மறுபக்கத்தைத் திறந்து வையுங்கள். காற்று உள்ளே புகுந்து கூரையைத் தூக்க விட்டால் எந்த முளையும் தாங்காது.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது தரையைப் பார்ப்பதற்கு முன் அண்ணாந்து பாருங்கள். காய்ந்த கிளை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தாலும் அந்த மரம் வேண்டாம். பள்ளத்தைத் தவிர்த்தால் சுற்றிலும் வாய்க்கால் வெட்ட வேண்டிய தேவையே வராது. மரப்பட்டை அறுபடாமல் இருக்கக் கயிற்றுக்கு அடியில் அகலமான துணிப்பட்டையைச் சுற்றுங்கள்.

விறகுத் தீயைக் கூரைக்குக் கீழே மூட்டக் கூடாது. பாலித்தீன் 110 முதல் 130 பாகை செல்சியசிலேயே உருகும். அதற்கு முன்பே பறக்கும் பொறி ஓட்டை போட்டுவிடும். எரிவாயு அடுப்பானால், திறந்த பக்கத்து ஓரத்தில், தலைக்கு மேல் பாய் தாழாத இடத்தில் வைக்கலாம். நான்கு பக்கமும் மூடிய நிலையில் எந்த அடுப்பையும் எரிக்க வேண்டாம். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு மணமில்லை. இடி கேட்டால் தார்ப்பாய் எந்தப் பாதுகாப்பும் தராது. கட்டடத்துக்குள்ளோ, உலோகக் கூரையுள்ள காருக்குள்ளோ போய், கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் அங்கேயே இருங்கள்.

கட்டும்போது முகட்டை முதலில் நிறுத்தி, காற்றுப் பக்கத்து முளைகளை அடித்து, அதன் பிறகே மறுபக்கத்தை இழுக்க வேண்டும். இரண்டு பேர் இருந்தால் வேலை எளிது. அவிழ்க்கும்போது இது தலைகீழாக நடக்க வேண்டும்: காற்றுப் பக்கத்தை முதலில் அவிழ்த்தீர்களானால், 24 சதுர மீட்டர் பாயும் உங்கள் கையைவிட்டுப் பறக்கும்.